பாக்கி

மஸ்ஜித் இந்தியா சாலை, துணிக்கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. ஏசி சொட்டும் இடத்தில்
ஒரு பெயின்ட் வாளி.
இந்தக் கணினியில் உட்கார்ந்தபடி இதுவரை
எழுபத்து மூன்று பேரை அமிர்தசரசுக்கு ஏற்றிவிட்டேன்.
நான் ஏறியதில்லை.

போகுமுன் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
பெட்டி எத்தனை கிலோ.
திரும்பி வந்தபின் சொல்வதுதான்
ஆளுக்கு ஆள் வேறு.

கிள்ளான் ஆசிரியை தவமணி
"கால் மரத்துப்போச்சு" என்றார்.
ஜனவரி. சலவைக்கல். வாசலில் பாதம் நனைக்கும் பள்ளத்தில்
ஐஸ்பெட்டித் தண்ணீர்.
மூன்று முறை அதையே சொன்னார்.
பொன் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பூச்சோங் பல் டாக்டரும் மனைவியும்
எழுநூறு படம் காட்டினார்கள்.
எல்லாவற்றிலும் அவர்கள் முன்னால், கோயில் பின்னால்,
குளத்துக்குள் தலைகீழாய் இன்னொரு கோயில்.
அந்தத் தலைகீழ்க் கோயிலை மட்டும்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செந்தூலில் டயர் கடை முத்தழகு.
தலையில் கட்டிய துணி காற்றில் போய்விட,
யாரோ ஒருவர் ஓடிவந்து
தன் தோள்துண்டை எடுத்துக் கட்டிவிட்டாராம்.
"பேர் கேக்க மறந்துட்டேங்க்கா."
சொல்லும்போதே கை தலைக்குப் போனது.

பெட்டாலிங் ஜெயா பரஞ்சோதி
நாலு பக்கம் புகார் எழுதி அனுப்பினார்.
ஓட்டலில் வெந்நீர் இல்லை. ரிக்‌ஷாக்காரன் ஏமாற்றினான்.
தூசி. ஹாரன். வழிகாட்டிக்குத் தமிழும் வராது, மலாயும் வராது.
கடைசியில், ஒரு வரி இடம் விட்டு:
"ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல்
மறுபடி போனேன். தட்டு கழுவுகிற இடத்தில் நின்றேன்.
எவ்வளவு நேரம் கழுவினேன் என்று தெரியவில்லை.
பணம் திருப்பித் தர வேண்டாம்."

மல்கீத் சிங் எதுவுமே சொல்லவில்லை.
குடும்பத்தோடு போய்வந்து ஐந்து மாதம்,
பாக்கி முந்நூற்றெண்பது வெள்ளி,
போனையும் எடுப்பதில்லை.
ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் இருப்பார் என்றார்கள்.

சௌக்கிட் சந்தையின் மீன் தண்ணீரைத் தாண்டி
ராஜா அலாங் சாலைக்குப் போனேன்,
கைப்பையில் ரசீதுப் புத்தகம்.
வாசலில் ஒரு பையன் ஆரஞ்சுத் துணி நீட்டினான்.
வேலையாக வந்தேன் என்றேன்.
"மக்கான் டுலு, ஆன்ட்டி" என்றான்.

உட்கார்ந்தேன்.
இந்தப் பக்கம், கால்சட்டையெல்லாம் சிமென்ட் காய்ந்த
ஒரு வங்கதேசத்துத் தொழிலாளி.
அந்தப் பக்கம் நம் பிள்ளை ஒருத்தி, காலேஜ் பை மடியில்,
வாராவாரம் வருகிறவள் போலத் தண்ணீர்க் குவளையைச்
சரியான இடத்தில் வைத்தாள்.
நமக்குப் பந்தி. அவர்கள் பங்கத் என்கிறார்கள்.
என் காதில் பங்கு என்றுதான் விழுந்தது.

பெங்காலி என்ற மலாய்ச் சொல்
அப்பாவின் வாயில் தேய்ந்து பங்காளியாகியிருந்தது.
பால்காரப் பங்காளி. பேங்க் வாசலில் துப்பாக்கிப் பங்காளி.
ஒரு நாள் இவர்கள் எல்லோரும் வந்து
எங்கள் வீட்டில் பாதி கேட்பார்கள் என்று
ஏழு வயதில் நான் பயந்திருக்கிறேன்.

ரொட்டிக்கு ஒரு கையை நீட்டினேன்.
விழவில்லை.
கூடை காத்திருந்தது.
பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்து
இரண்டு கை, என்று சாடை காட்டினாள்.
ஏந்தினேன். சூடு.
நிமிர்ந்தால் தாடியெல்லாம் வியர்வை,
மல்கீத் சிங்.

என்னைத் தெரிந்துகொண்டார்.
தெரிந்துகொண்டதை நானும் பார்த்தேன்.
கை ஏந்தியபடி எப்படிக் கடன் கேட்பது?
"இன்னொண்ணு?" என்றார்.
வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை அவரே படியேறி வந்தார்.
ஐம்பதும் பத்துமாய் மேசைமேல் வைத்தார்.
எண்ணினேன். சரியாக இருந்தது.
ரசீதைக் கிழித்தால் ஓரத்தில்
மஞ்சளாய் ஒரு பருப்புக் கறை.
வேறு எழுதித் தரவா என்றேன்.
"இதே இருக்கட்டும்" என்று நாலாய் மடித்தார்.

கதவருகில் திரும்பி,
"நீங்க எப்ப போறீங்க?"

வாளி நிறைந்திருந்தது.
கொட்டிவிட்டு வரப் போனேன்.